ஒத்துப்போனதை நான் திரும்பப் பார்க்கவில்லை

நீ புதன்கிழமை மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறாய். அதற்குள் இதை உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். ஆட்டோக்காரர் வழி மாறிப் போனால்கூட, அவராகத் திரும்பும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பவள் நான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. இந்த மலையாள ஊரில் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு பத்திரிகைக்கும் இதன் பிரதியை அனுப்பப்போகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் அனுப்புவேன். நான் உனக்குச் செய்தது நாலு சுவருக்குள் செய்தது அல்ல. பதினேழு பேர் முன்னால் செய்தேன். அதைத் திரும்ப எடுப்பதும் ஆட்கள் முன்னால்தான் நடக்க வேண்டும்.

ஒன்றரை மாதத்துக்கு முன் நீ விசா படிவத்தை நிரப்பிக்கொண்டு சமையலறைக்கு வந்தாய். நான் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, ஒரு தடவை பாத்துரு. நா பாத்தா ஏதாவது விட்டுப்போகும்" என்றாய். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பென்சிலால் சின்னச் சின்னதாக மூன்று புள்ளிகள் வைத்திருந்தாய். மூன்று தடவை சரிபார்த்திருக்கிறாய். அதன் பிறகும் என்னிடம் கொண்டுவந்திருக்கிறாய். படிவத்தில் ஒரு பிழையும் இல்லை. பாஸ்போர்ட் எண், அப்பாவின் பெயர், பின்கோடு எல்லாம் சரியாக இருந்தன. நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "உறுதியா?" என்று கேட்டாய். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, தான் எழுதியது சரிதானா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நான் செய்யும் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உனக்கு இது மனப்பாடம், பொறுத்துக்கொள். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. சுற்றச் சுற்ற நெருங்குகின்றன, நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது, கடைசியில் மோதி ஒன்றாகிவிடுகின்றன. புதிதாகப் பிறந்த அந்த ஒற்றைக் கருந்துளை, தட்டிய வெண்கலப் பாத்திரம் மாதிரி ஒரு கணம் அதிர்ந்து அடங்குகிறது. இந்த முழு ஆட்டமும் வெளியை நெளியவைத்து அலையாகப் பரவுகிறது. கோடிக்கணக்கான வருடங்கள் பயணம் செய்து, அலை பூமியை வந்து தொடுகிறது. கிலோமீட்டர் கணக்கில் கை நீட்டிய கருவிகள் அதற்காகக் காத்திருக்கின்றன. அலை கடக்கும்போது அந்தக் கைகளின் நீளம் ஒரு அணுக்கருவின் அகலத்தைவிட மிகச் சிறிய அளவில் கூடிக் குறைகிறது. அதைத்தான் அளக்கிறோம். பெரிய கருந்துளைகள் என்றால் நமக்குக் கேட்பது ஒரு நொடிகூட இருக்காது.

அந்த ஒரு நொடிக்குள் ஐன்ஸ்டீனைச் சோதிக்க முடியும். அலையை இரண்டாக வெட்ட வேண்டும். மோதலுக்கு முன், மோதலுக்குப் பின். முன்பகுதியை மட்டும் வைத்து, கடைசியில் பிறக்கப்போகும் கருந்துளை எவ்வளவு எடை இருக்கும், எவ்வளவு வேகமாகச் சுழலும் என்று பொதுச் சார்பியலின்படி கணக்கிடலாம். பின்பகுதியின் அதிர்வை மட்டும் வைத்து அதே இரண்டையும் தனியாகக் கண்டுபிடிக்கலாம். இரண்டு விடைகளும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் ஒன்று ஐன்ஸ்டீன் தவறு, அல்லது கருவியில் ஏதோ இரைச்சல், அல்லது நாம் தவறு. இந்தச் சோதனையின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டு பகுதிகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் இரண்டு சாட்சிகளை இரண்டு அறைகளில் வைத்து விசாரிப்பது மாதிரி. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்துவிட்டால், பிறகு அவர்கள் ஒத்துப்போவதில் ஒரு பொருளும் இல்லை.

நான் அதை விழவைத்தேன். வேண்டுமென்று இல்லை. மோதலுக்குப் பிந்தைய பகுதி மிகச் சிறியது, இரைச்சலில் முங்கிக் கிடப்பது. கம்ப்யூட்டர் எங்கெங்கோ தேடி அலையும். ஒரு அலைக்கு மூன்று நாட்கள்கூட ஓடும், அதற்குள் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் வித்துராவின் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சோதித்துப் பார்க்கும் காலத்தில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிய கோடில் ஒரு வரி சேர்த்தேன். முன்பகுதி என்ன விடை சொன்னதோ அதன் அக்கம்பக்கத்தில் மட்டும் தேடு, தூரப் போகாதே என்று பின்பகுதிக்குச் சொல்லும் வரி. கடைசி ஓட்டத்துக்கு முன் இதை எடுத்துவிட வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே குறிப்பும் எழுதிவைத்தேன். எடுக்க மறந்தேன். ஓட்டினேன். எல்லா அலைகளும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்?

அந்த வரியைச் சேர்ப்பதற்கு முன்னால், ஒரே ஒரு அலை ஒத்துப்போகாமல் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது நீ பிளஸ் டூ. நான்கு மாதம் அந்த ஒன்றின் பின்னாலேயே அலைந்தேன். வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை, உன் சீருடையில் பட்டன் இல்லை. கடைசியில் அந்த நொடியில் கருவியில் ஏற்பட்ட ஒரு துள்ளல்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். என் பிஎச்டி கைடு சார், மலையாளி, இளமையில் சென்னையில் படித்ததால் என்னிடம் அவருடைய தமிழில்தான் பேசுவார், "இது ஆணு ரிசர்ச். இத்ர பொறுமை யாருக்கு உண்டு?" என்று, இதுதான் ஆராய்ச்சி என்று, எல்லோரிடமும் சொன்னார். நானும் அதை நம்பினேன். ஒத்துப்போகாத ஒன்றுக்கு நான்கு மாதம் கொடுத்தேன். ஒத்துப்போன மற்றவற்றுக்கு ஒரு மதியம்கூடக் கொடுக்கவில்லை. எதிர்பார்த்த விடை வந்துவிட்டால், அது ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் துறையில் இது தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தும் செய்கிறோம்.

உன்னையும் நான் அப்படித்தான் வளர்த்தேன் என்பது இப்போது தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் மலையாளம் இரண்டாம் தாளில் உனக்கு மதிப்பெண் குறைந்தபோது மூன்று தடவை பள்ளிக்கு வந்தேன். அந்த வருடம் முழுக்க நீ மதியச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாய். தமிழன் என்றால் அவர்களுக்குப் பாண்டி, ஒரு பாண்டிப் பையனோடு உட்கார அந்த மலையாளப் பையன்களுக்கு என்ன சங்கடமோ. உன் அறிக்கை அட்டையில் 'நல்ல நடத்தை, அமைதியானவன்' என்று எழுதியிருந்தார்கள். அமைதி என்றால் எனக்கு நல்லதுதானே, நானும் அப்படித்தானே, என்று அட்டையில் கையெழுத்துப் போட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு, வேறு ஏதோ பேச்சில், தனியாகச் சாப்பிட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

நீ பொருட்களைத் தொலைக்கிறவன் என்று வீட்டில் ஒரு பெயர். குடை, டிபன் பாக்ஸ், பஸ் பாஸ், ஒரு காலின் ஷூ. உன் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர், நாகர்கோவில்காரர், கிண்டல் அவருக்குச் சாப்பாடு மாதிரி. "மக்ளே, உனக்க தலையை அம்மைகிட்ட குடுத்துட்டுப் போ, சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்பார். நீயும் சிரிப்பாய். அது வெறும் வேடிக்கை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த வேடிக்கையை நான் ஒரு நாள் ஆயுதமாக எடுப்பேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

பி.எஸ்ஸி இரண்டாம் வருடக் கோடை விடுமுறையில் நீ எங்கள் நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வந்தாய். சார்தான் சொன்னார், "மகன் பிசிக்ஸ் அல்லே, இங்கே வந்து இரிக்கட்டே" என்று. காலையில் அப்பாவின் பஸ்ஸிலேயே இருவரும் வித்துரா போவோம். உனக்குப் பின்வரிசைக் கம்ப்யூட்டர், ஜன்னலுக்குப் பக்கத்தில். நான் எழுதிய கம்ப்யூட்டர் கோட் எப்படி ஓடுகிறது என்று பழகுவதுதான் உன் வேலை. இரண்டாவது வாரமே சலித்துவிட்டது. "அம்மா, நா ஒரு பொய் அலை போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாய். அது எங்கள் வழக்கம்தான். நாமே ஒரு அலையைச் செய்து உள்ளே விட்டு, கோட் அதைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது. நானும் முன்பு செய்திருக்கிறேன், அந்த வரியைச் சேர்ப்பதற்கு முன்னால். செய் என்றேன். நீ செய்த அலை எங்கள் அலைகளைப் போல் இல்லை. முன்பகுதியும் பின்பகுதியும் ஐன்ஸ்டீன் சொல்வதுபோல் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருக்கும்படி, தெரிந்தே தப்பாகச் செய்தாய். என் கோட் அதைப் பார்த்துவிட்டு, ஒத்துப்போகிறது என்றது. நீ தப்பை இரண்டு மடங்கு ஆக்கினாய். ஒத்துப்போகிறது. ஐந்து மடங்கு. ஒத்துப்போகிறது.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது சொன்னாய். எனக்கு அந்த வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன.

"அம்மா, நா என்ன பொய் சொன்னாலும் உன் கோட் ஆமா ஆமாங்குது."

டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த அப்பா காதில் அது விழுந்துவிட்டது. "என்ன மக்ளே, அம்மைக்க கம்ப்யூட்டரும் என்னைப் போலதானா? அம்மை சொன்னா எல்லாத்துக்கும் ஆமாம் போடுதா?"

பக்கத்து சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "நீ ஃபைலை மாத்திப் போட்டிருப்ப" என்றேன். "இல்லம்மா, பாத்துட்டேன்." "திரும்பப் பாரு." நான்கு நாட்கள் திரும்பத் திரும்பப் பார்த்தாய். நான் என் பக்கம் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று எனக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

என் வைவாவுக்கு, பிஎச்டியின் வாய்மொழித் தேர்வுக்கு, அப்போது ஒரு மாதம் இருந்தது. அது எனக்கு என்ன என்பதைச் சொல்கிறேன். சாக்குச் சொல்வதற்காக அல்ல. என் அப்பா, உன் தாத்தா, ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் நீ வயிற்றில் இருக்கும்போது எழுதிய தேர்வு. முப்பது வயதுக்கு மேல் பிஎச்டிக்குச் சேர்ந்தேன். அந்த நிறுவனத்தில் ஐந்து வருடங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கேள்விகளை நோட்டில் எழுதிவைப்பேன், கேட்கமாட்டேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று பயம். என் அப்பா வைவாவுக்கு முன்பே, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டு, பித்தளையில் பெயர்ப்பலகை செய்து வாங்கி, துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார். இவ்வளவும் உண்மை. இவற்றில் ஒன்றுகூட நான் செய்ததை நியாயமாக்காது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. எங்கள் குழுக் கூட்டம், எப்போதும்போல் பழம்பொரியும் சாயாவும். எல்லோரும் அந்த வாரம் செய்ததைச் சொல்ல வேண்டும். சார் உன் பக்கம் திரும்பி, "மோன் என்ன செய்தாய்?" என்றார். நீ எழுந்துபோய் உன் படங்களைத் திரையில் போட்டாய். சட்டை கால்சட்டைக்குள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது. "நான் மூன்று பொய் அலைகள் போட்டேன் சார். மூன்றும் தப்பான அலைகள். கோட் மூன்றையும் சரி என்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாய். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். அந்த அறையில் யாரும் கூப்பிடாமல் நான் எழுந்து பேசிய முதல் நாள் அது.

"ஃபைலை மாத்தி எடுத்திருப்பான் சார். வீட்டுலயும் இப்படித்தான், குடையக்கூட பத்திரமா வச்சுக்கத் தெரியாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. ஒரு அம்மா தன் மகனைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சாரும் சிரித்தார். "சாரமில்லை மோனே, எல்லார்க்கும் பற்றும்" என்று, எல்லோருக்கும் நேர்வதுதான் பரவாயில்லை என்று, உன் தோளில் தட்டினார். அடுத்த ஆள் பேசத் தொடங்கினார். நீ உன் வயரைக் கழற்றிக்கொண்டு பின்வரிசைக்குப் போனாய். வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நா மாத்தித்தான் எடுத்திருப்பேன் போல" என்றாய். நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் நான் ஒருவேளை உடைந்திருப்பேன். நீ என்னை நம்பினாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அந்தக் கோட் ஃபைலைத் திறந்தேன். நீ அப்பாவோடு பழவங்காடிக் கோயிலுக்குப் போயிருந்தாய். தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வரியும் பக்கத்தில் என் குறிப்பும் அப்படியே இருந்தன. கடைசி ஓட்டத்துக்கு முன் இதை எடுத்துவிட வேண்டும். நானே எழுதியது. திறந்த பதினைந்து நிமிடத்தில் நீ சொன்னது முழுக்கச் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் திரும்பி வந்தபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ரகசியமாக, என் வைவா முடியட்டும் மகனே, பிறகு சரிசெய்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நீ ஒத்துக்கொண்டிருப்பாய். அதைக்கூடச் செய்யவில்லை. எல்லோரும் இதற்குக் கூச்சம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நானும் அதன் பின்னால் வசதியாக நின்றுகொண்டேன். உன்னைக் குறைசொல்ல எழுந்தபோது அந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது?

வைவாவில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார், இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று. "தனித்தனியாகத்தான் ஓட்டினோம்" என்றேன். தனித்தனியாகத்தான் ஓட்டினேன், வார்த்தைக்கு வார்த்தை உண்மை. கை தட்டினார்கள். நீ ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். 'டாக்டர் அம்மா' என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கடையிலேயே இரண்டு தடவை பார்த்து வாங்கியதாகச் சொன்னாய். நான் அதை வெட்டி உன் வாயில் ஊட்டினேன்.

பி.எஸ்ஸி முடித்ததும் நீ எம்.எஸ்ஸிக்கு விண்ணப்பிக்கவில்லை. கேட்டபோது, "எனக்கு அதுக்குள்ள கவனம் இல்லம்மா. ஒரு தப்பு பண்ணினா மத்தவங்க வேலையும் கெட்டுப்போகும்" என்றாய். உறவினர்களிடம் நான், அவனுக்கு அதில் விருப்பமில்லை என்றேன். ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். என் அப்பா எந்தத் தெருவில் முதுகு வளைந்து என்னை வெளியே அனுப்பினாரோ, அதே தெருவுக்குள் நான் உன்னை அனுப்பினேன். அந்த வேலையில் குறைவு ஒன்றும் இல்லை. உன் முதலாளி உன்னைப் பற்றி, இவ்வளவு கவனமான பையனை நான் பார்த்ததில்லை என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா பெருமையாக வந்து சொன்னார். அந்தக் கவனத்தை நான் அறிவேன். தன் கண்ணையே நம்பாதவனின் கவனம் அது.

விசா படிவத்தைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் வேலையைத் தொடங்கினேன். அந்த வரியை நீக்கினேன். நானே தப்பான அலைகளை, இரைச்சலுக்கு மேல் உரக்கக் கேட்கும்படி, செய்து உள்ளே விட்டேன். ஒத்துப்போகவில்லை என்றது, ஒவ்வொரு தடவையும். பிறகு இரைச்சலில் முங்கிய நிஜ அலைகளை விட்டேன். பின்பகுதியின் விடை அவ்வளவு அகலமாக விரிந்தது, அதற்குள் ஐன்ஸ்டீனும் அடங்குவார், அவரை மறுப்பவர்களும் அடங்குவார்கள். ஆக என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் தவறுகூட இல்லை. அது ஒன்றுமே சொல்லவில்லை. உலகத்தில் மற்றவர்கள் வேறு வழிகளில், ஒழுங்காகச் செய்த சோதனைகளில் ஐன்ஸ்டீன் நின்றுகொண்டுதான் இருக்கிறார். அதனால்தான் என் ஓட்டை யாருக்கும் தெரியவில்லை. விடை சரியாக இருந்தால் வழியை யார் பார்க்கிறார்கள்?

சாரிடம் போய்ச் சொன்னேன். "விட்டுகள" என்றார் அவர். விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். "ஐன்ஸ்டீனுக்கு ஒண்ணும் பற்றியில்லல்லோ. மூணு வருஷம் கழிஞ்ஞு இனி எதுக்கு?"

"ஐன்ஸ்டீனுக்கு ஒண்ணும் ஆகலை சார். என் மகனுக்கு ஆச்சு."

"அது வீட்டுக் காரியம் அல்லே?"

"இந்த ரூம்லதான் சார் நடந்தது."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் கட்டுரை வெளியான ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். திருத்தத்தில், இந்தப் பிழையை முதலில் கண்டவர் என்று உன் பெயரைப் போட வேண்டும் என்றேன். சொந்த மகன் பெயரா, ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று தயங்கினார். போட்டாகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கும் எழுதியிருக்கிறேன். பட்டத்தை என்ன செய்வார்கள் என்று தெரியாது. வேலை என்னாகும் என்றும் தெரியாது. அப்பாவிடம் போன வாரம்தான் சொன்னேன். "அப்போ மூணு வருஷமா நான் அவனைக் கிண்டல் பண்ணுனது?" என்று மட்டும் கேட்டார். பிறகு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். உன்னிடம் நான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவரைத் தடுத்துவைத்திருக்கிறேன். சில நாட்களாக அவர் உன்னைக் கிண்டல் செய்யாமல் இருப்பதை நீ கவனித்திருப்பாய், உடம்பு சரியில்லையோ என்று என்னிடம் கேட்டாயே.

அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் ஊரை விட்டுப் போகிறாய், ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு அறை முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்தால், அதை விடை என்று எடுத்துக்கொள்ளாதே. அன்று உன் கேள்விக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். உன்மேல் பிரியம் உள்ளவர்கள் சிரித்தாலும் இதேதான். பிரியம் உள்ளவர்கள் சொன்னால் இன்னும் ஒரு தடவை கூடுதலாகச் சரிபார். நீ அன்று என்னைச் சரிபார்க்கவில்லை. அது ஒன்றுதான் நீ செய்த பிழை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். எழுதினால் நீ உடனே, "போம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாய். அது ஒண்ணுமில்லாதது இல்லை. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். மஸ்கட் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் வரட்டும். போனை எடுக்காமல் இரு. நான் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் பேசினேன். அன்றிருந்த பதினேழு பேரில் பதினோரு பேர் இப்போதும் இருக்கிறார்கள், மற்றவர்களுக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். அந்த வரியைத் திரையில் போட்டேன், பக்கத்தில் என் குறிப்போடு. உன் பெயரைச் சொன்னேன். நீ செய்த சோதனையைச் சொன்னேன். அன்று நான் எழுந்து சொன்ன வாக்கியத்தை, குடையையும் சேர்த்து, அப்படியே திரும்பச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பழம்பொரித் தட்டு மேசையில் யாரும் தொடாமல் இருந்தது. இந்த வருடம் சேர்ந்த ஒரு மாணவி, உன்னைப் பார்த்ததே இல்லாதவள், கையைத் தூக்கினாள். கோட் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆ பையன் இப்போ எவிடெயா, சேச்சி?"

அந்தப் பையன் இப்போது எங்கே என்று கேட்டாள். சார் எனக்காகப் பதில் சொன்னார், "அவன் இந்த ஃபீல்டு விட்டுப் போயி."

"அவனாப் போகலை சார்" என்றேன். "நான்தான் அனுப்பினேன்."

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் வராந்தாவில் காத்திருந்தாள். உன்னுடைய அந்த மூன்று அலைகளின் ஃபைல் கிடைக்குமா, தன் கோடில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அது அவனுடையது, அவனைக் கேட்காமல் நான் ஒன்றும் சொல்லமுடியாது என்றேன். உண்மையில் அந்த ஃபைல் உன்னிடம் இருக்கிறதா, அன்றே அழித்துவிட்டாயா என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் ஒரு தடவையும் நான் அதைக் கேட்டதில்லை.